அம்மாவோட கண்ணும் ஆம்பள எலியோட கண்ணும்

அம்மாவுக்கு கண்ணுல பிரச்சனை எப்ப ஆரம்பிச்சதுன்னு கேட்டா அவங்களுக்கே சரியா சொல்லத் தெரியாது. மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதுடின்னு சொல்லுவாங்க, முன்னல்லாம் வெங்காயம் உரிச்சா தாரை தாரையா தண்ணி ஊத்தும், இப்ப எரிச்சல் மட்டும் இருக்கு தண்ணி வரமாட்டேங்குதுன்னு ஒரு நாள் போன்ல சொன்னாங்க. ஒரு கண் டாக்டர் கண்ணாடி பவர மாத்திக் குடுத்தாரு, இன்னொருத்தர் அலர்ஜின்னு சொட்டு மருந்து எழுதினாரு, இட்லி கூட தண்ணி குடிச்சாதான் தொண்டையில இறங்குதுன்னு சொன்னப்ப சுகர் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க, சுகர் இல்ல, அதோட விட்டுட்டாங்க. மூட்டு வலிக்கு தனியா வேற டாக்டர். கண்ணு, வாய், மூட்டு மூணையும் ஒண்ணா வச்சு ஒருத்தர் பாக்குறதுக்கு ஆறு வருஷம் ஆச்சு. ஷோகிரன் சின்ட்ரோம்னு அப்புறம்தான் பேரு தெரிஞ்சுது.

இதுல எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த ஆறு வருஷத்துல ரெண்டு வருஷம் நான் வெளிநாட்டுல ஒரு லேப்ல வேலை பார்த்தேன், என்ன வேலைன்னா ஷோகிரன் நோய்க்கான எலிகளோட கண்ணீரை அளக்குறது. பகல்ல எலி கண்ணுல நூல் வச்சு மில்லிமீட்டர் எழுதிட்டு, ராத்திரி அம்மா வெங்காயக் கதை சொன்னா ம் ம்னு கேட்டுட்டு இருந்திருக்கேன். ரெண்டும் ஒண்ணுன்னு எனக்குத் தோணவே இல்ல. ஏன் தோணலன்னு யோசிச்சு யோசிச்சுதான் இந்த போஸ்ட் எழுதுறேன்.

நோய் என்னன்னு முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். நம்ம உடம்பைக் காக்க வேண்டிய லிம்போசைட் செல்லுங்க கண்ணீர் சுரப்பிக்குள்ளயும் எச்சில் சுரப்பிக்குள்ளயும் பூந்து குடியேறிடும், சுரப்பி கொஞ்சம் கொஞ்சமா வேலை செய்யறத நிறுத்திடும். ஹென்ரிக் ஷோகிரன்னு ஸ்வீடன் நாட்டு கண் டாக்டர் 1933ல தன்னோட ஆராய்ச்சிப் பட்டத்துக்காக எழுதின நூல்ல 19 பெண்களைப் பத்தி எழுதினார், அதுல 13 பேருக்கு மூட்டு நோயும் இருந்துச்சு. கண்ணையும் வாயையும் மூட்டையும் சேர்த்துப் பாக்கணும்னு அப்பவே ஒருத்தர் சொல்லியாச்சு. இன்னிக்கும் இந்த நோய் வர்ற 10 பேர்ல 9 பேர் பெண்கள், பெரும்பாலும் நடுவயசு தாண்டினவங்க. அந்த 9ங்கிற நம்பரை மனசுல வச்சுக்கோங்க.

இதுக்கு எலி எதுக்குன்னு கேட்டா, மனுஷங்க கண்ணு உறுத்துதுன்னு டாக்டர்கிட்ட வரும்போது நோய் உள்ள நுழைஞ்சு பல வருஷம் ஆகியிருக்கும், ஆரம்பம் எப்படி இருந்துச்சுன்னு பாக்க வழியே இல்ல, வலி இல்லாத ஒருத்தரோட கண்ணீர் சுரப்பியை வெட்டி எடுத்துப் பாக்கவும் முடியாது. எலியில நாலாவது வாரம் என்ன, எட்டாவது வாரம் என்ன, பன்னெண்டாவது வாரம் என்னன்னு வரிசையா பாக்கலாம்.

நான் வேலை பார்த்தது நாட் எலின்னு சொல்ற வகையில. குண்டாகாமலே சர்க்கரை நோய் வர்ற எலி. இதோட பிறப்பே விசித்திரமானது. ஜப்பான்ல ஷியோனோகி கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடத்துல கண்புரை வர்ற ஒரு எலி வம்சத்தை வளர்த்துட்டு இருந்தாங்க, அதுல ரத்த சர்க்கரை அதிகமா இருக்குற ஒரு கிளையும் சாதாரணமா இருக்குற ஒரு கிளையும் பிரிச்சு இனப்பெருக்கம் பண்ணினாங்க. சர்க்கரை நோய் வரும்னு எதிர்பார்த்த கிளையில வரல. 1974ல சாதாரணக் கிளையில ஒரு பெண் எலிக்கு வந்துச்சு, நிறைய மூத்திரம் போய் உடம்பு இளைச்சுப் போச்சு. அந்த ஒரு எலியோட வாரிசுங்கதான் 1980ல மகினோ குழு உலகத்துக்கு அறிவிச்ச நாட் எலி. கணையத்தை தாக்குற அதே கோளாறு கண்ணீர் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் கூடத் தாக்குதுன்னு பிறகு கண்டுபிடிச்சாங்க, அப்படித்தான் சர்க்கரைக்கு வந்த எலி கண்ணுக்கும் வந்து சேர்ந்துச்சு.

ஆனா இங்கதான் பெரிய முரண்பாடு. நாட் எலியில சர்க்கரை நோய் பெண்ணுக்குத்தான் அதிகம், எச்சில் சுரப்பி வீக்கமும் பெண்ணுக்குத்தான் அதிகம், கண்ணீர் சுரப்பி மட்டும் ஆணுக்குத்தான் சீக்கிரமாவும் மோசமாவும் கெடுது. அதனால நாங்க ஆர்டர் போடறப்ப கண்ணு வேலைக்கு ஆண் எலிதான் கேட்போம். மனுஷங்கள்ல 10ல 9 பேர் பெண்கள்னு இருக்குற நோயை ஆம்பள எலியில படிச்சுட்டு இருந்தோம். ஆண் ஹார்மோன் சுரக்கிற விதைங்களை ஆபரேஷன்ல எடுத்துட்டா அந்த ஆண் எலிக்கு கண்ணீர் சுரப்பி வீக்கம் குறைஞ்சு போகுதுன்னு 1990கள்லயே காமிச்சுட்டாங்க, அதாவது அங்க ஆண் ஹார்மோன் நோய்க்கு துணை போகுது. அப்படியே எம்ஆர்எல் எலிக்கு வாங்க, அது அமெரிக்காவுல ஜாக்சன் லேபாரட்டரியில வந்த வம்சம், ஃபாஸ்னு ஒரு ஜீன் அதுல கெட்டுப் போயிருக்குன்னு 1992ல தெரிஞ்சுது, வேலை முடிஞ்ச லிம்போசைட்டை செத்துப் போன்னு சொல்ற ஜீன் அது, அது இல்லாததால செல்லுங்க சாகாம குவிஞ்சு நெறி கட்டி நிக்கும். அதுல பெண்ணுக்குத்தான் கண்ணீர் சுரப்பி மோசம், ஆண் ஹார்மோன் குடுத்தா வீக்கம் இறங்குது, பாஸ்டன்ல டேவிட் சல்லிவன் குழு இதைத் திரும்பத் திரும்ப காமிச்சாங்க. நியூசிலாந்து கறுப்பு எலியையும் வெள்ளை எலியையும் சேர்த்த கலப்புலயும் ஆண் ஹார்மோன் நல்லதுதான் பண்ணுது, சொல்லப்போனா ஷோகிரனுக்கு எலி மாடல்னு, அதாவது மனுஷ நோயைப் படிக்க அதே மாதிரி நோய் வர்ற எலின்னு, முதல்ல 1968ல கெஸ்லர்ங்கிற ஆராய்ச்சியாளர் எழுதினது அந்தக் கலப்பைப் பத்திதான்.

ஒரே சுரப்பி, ஒரே வீக்கம், மைக்ராஸ்கோப்ல பார்த்தா சாயம் ஏறின லிம்போசைட்டுங்க ஒரே மாதிரி ஊதாப் புள்ளிங்க. ஆனா ஒரு எலியில ஆண் ஹார்மோன் எதிரி, இன்னொரு எலியில மருந்து. முதல் தடவை இதைப் படிச்சப்ப எதை நம்பறதுன்னே தெரியல. இப்ப என்ன நினைக்கிறேன்னா ரெண்டுமே உண்மை, ஒவ்வொரு எலியும் நோய்க்குப் போற ஒரு பாதையைக் காட்டுது, எங்க அம்மா எந்தப் பாதையில வந்தாங்கன்னு எந்த எலியும் சொல்லாது.

கண்ணீர் அளக்குறது எப்படின்னு சொல்றேன், ஏன்னா என் கை இன்னும் அதை மறக்கல. மனுஷங்களுக்கு ஷிர்மர்னு ஜெர்மன் டாக்டர் 1903ல கொண்டு வந்த காகிதப் பட்டை, கீழ் இமையில மாட்டி 5 நிமிஷம் விடுவாங்க, 5 மில்லிமீட்டருக்கு மேல நனையலன்னா கவலைப்படணும். எலி கண்ணு மிளகு அளவுதான், அதுல பட்டை எங்க மாட்டறது. அதனால ஃபீனால் ரெட்ங்கிற சாயம் தடவின பருத்தி நூல், மஞ்சளா இருக்கும். இடது கையில எலியோட பிடரித் தோலை பிடிச்சுக்கணும், ரொம்ப இறுக்கினா கண்ணு பிதுங்கி அளவு தப்பாயிடும், லூசா விட்டா திரும்பிக் கடிக்கும். ஃபோர்செப்ஸால நூலோட நுனியை கண்ணோட வெளி ஓரத்துல வச்சு 30 செகண்ட் எண்ணணும். கண்ணீர் காரத்தன்மை உள்ளதால ஈரம் ஏற ஏற மஞ்ச நூல் சிவப்பாகும். நல்ல எலியில சிவப்பு சரசரன்னு ஏறும். நாட் ஆண் எலியில, அதுவும் வயசு ஏறினதுல, நுனியில ஒரு சின்ன சிவப்புப் புள்ளியோட நின்னுடும், 30 செகண்ட் அசையாம நிக்கும். அந்த 30 செகண்ட் முழுக்க எலி என்னைப் பார்த்துட்டு இருக்கும், இமைக்கிறது கூட ரொம்ப கம்மி.

சுரப்பி இருக்குற இடமும் வேற. நமக்கு கண்ணுக்கு மேல வெளிப்பக்கம் எலும்புக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். எலியில பெரிய கண்ணீர் சுரப்பி காதுக்குக் கீழ கன்னத்துல இருக்கு, முதல் நாள் நான் கண்ணைச் சுத்தி தேடிட்டு இருந்தேன், சீனியர் அக்கா வந்து காதுகிட்ட கத்திரியை வச்சு தோலை விலக்கி இதோன்னு காமிச்சாங்க, பழுப்பு கலந்த வெளுப்புல தட்டையா ஒரு துண்டு. அதுபோக நமக்கு இல்லாத ஹார்டர் சுரப்பின்னு ஒண்ணு கண்ணுக்குப் பின்னாடி இருக்கு, எண்ணெய் மாதிரி சுரக்கும். கண்ணீர் படலத்தையே வேற மாதிரி கட்டியிருக்குற பிராணி அது.

அந்தத் துண்டை மெல்லிசா சீவி சாயம் போட்டு பார்த்தா, குழாய்களைச் சுத்தி லிம்போசைட் கும்பல் கும்பலா உக்காந்திருக்கும். 50 செல்லுக்கு மேல ஒரு இடத்துல கூடியிருந்தா அது ஒரு ஃபோகஸ். 4 சதுர மில்லிமீட்டர்ல எத்தனை ஃபோகஸ்னு எண்ணி ஸ்கோர் போடணும், நான் எவ்வளவு ஸ்லைடு எண்ணியிருக்கேன்னு கணக்கே இல்ல. ஊருக்குத் திரும்பி வந்தப்புறம் அம்மாவோட கீழ் உதட்டு உள்பக்கத்துலேர்ந்து சின்ன எச்சில் சுரப்பிகளை எடுத்து பயாப்ஸி பண்ணினாங்க. ரிப்போர்ட்டைப் பிரிச்சா அதே வார்த்தை, ஃபோகஸ் ஸ்கோர், 4 சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை. லேப்ல எனக்கு அது எக்செல் ஷீட்ல ஒரு வரிசை நம்பர். ஆஸ்பத்திரி வராண்டாவுல அந்த பேப்பரை கையில வச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அம்மா என்னடி போட்டிருக்குன்னு கேட்டாங்க, உடனே சொல்ல வாய் வரல.

ஜீன் எதுவும் கெடாத சாதாரண எலியையே நோயாளி ஆக்கற முறையும் இருக்கு, அதைச் சொல்லாம விட முடியாது. ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழ இருக்குற இடத்துல எலியை வச்சு ஃபேன் காத்து அடிக்க விட்டு, நரம்பு சொல்லியும் சுரப்பி சுரக்காத மாதிரி தடுக்கிற ஸ்கோபோலமைன் ஊசியை நாளைக்கு பல தடவை போட்டு அஞ்சு நாள் வைப்பாங்க. கண்ணு காஞ்சு போகும், கருவிழி மேல பச்சை சாயம் போட்டா புள்ளி புள்ளியா பிடிக்கும். இதுவரைக்கும் வெறும் வறட்சிதான். 2006ல நீடர்கார்ன், ஸ்டெர்ன், ஃப்ளூக்ஃபெல்டர் இவங்க குழு என்ன பண்ணினாங்கன்னா, அப்படிக் காஞ்ச எலிகள்லேர்ந்து சிடி4 டி செல்ங்கிற ஒரு வகை லிம்போசைட்டை எடுத்து, டி செல் வளர்ற தைமஸ் உறுப்பு இல்லாததால சொந்தமா டி செல் இல்லாத எலிகளுக்கு ஏத்தினாங்க. அந்த எலிங்க மேல காத்தே அடிக்கல, ஊசியே போடல. ஆனா அதுங்களோட கண்ணீர் சுரப்பியும் கண்ணோட மேல்பரப்பும் வீங்கிப் போச்சு. டி செல் எல்லாம் ஒழுங்கா இருக்குற எலிக்கு ஏத்தினா அந்த மாதிரி ஆகல, அங்க இந்த முரட்டு செல்லை அடக்கி வைக்கிற வேற டி செல்லுங்க இருக்கு. வறட்சிதான் நோயோட விளைவுன்னு நினைச்சுட்டு இருந்தோம், வறட்சியே டி செல்லுக்கு கண்ணைத் தாக்கக் கத்துக் குடுக்கும்னு இந்த எலிங்க காமிச்சுது. சொட்டு மருந்து போட்டு கண்ணை ஈரமா வச்சுக்கறது சும்மா ஆறுதலுக்கு இல்ல, தீயில நெய் விழாம பாத்துக்கற வேலைன்னு நான் அம்மாகிட்ட சொல்றது இதை வச்சுதான்.

முயல்லயும் ஒண்ணு இருக்கு, லாஸ் ஏஞ்சல்ஸ்ல செஞ்சது, ஒரு பக்கத்து கண்ணீர் சுரப்பியை எடுத்து அதோட செல்லையும் அதே முயலோட ரத்த லிம்போசைட்டையும் ஒண்ணா தட்டுல வளர்த்து, பழகின லிம்போசைட்டை மறுபடி அந்த முயலுக்கே ஊசி போடறது, ரெண்டு வாரத்துல மிச்ச சுரப்பி வீங்கிடும். முயல் கண்ணு பெருசு, பட்டை வச்சே அளக்கலாம், சொட்டு மருந்து சோதிக்க வசதி. அப்புறம் ஜீனை நீக்கின எலிங்க வரிசையா இருக்கு, அதுல ஒண்ணு ஏர்ங்கிற ஜீன் இல்லாதது, சொந்த உடம்பைத் தாக்காதேன்னு டி செல்லைப் பழக்கற ஜீன் அது, அந்த ஏர் ஜீன் கெட்டுப் பிறந்த மனுஷங்களும் உண்டு, அவங்களுக்கும் கண்ணு பாதிக்கும்.

ஆனா உண்மையிலேயே எங்க அம்மா கண்ணுக்கு மருந்து வந்தது இந்த எதுலேர்ந்தும் இல்ல, நாய்கிட்டேர்ந்து. யாரும் ஜீனை மாத்தாம, ஊசி போடாம, தானா நோய் வந்த வீட்டு நாய். காக்கர் ஸ்பானியல், லாசா ஆப்சோ, ஷி ட்சு, பக் இந்த இனங்களுக்கு சொந்த லிம்போசைட்டே கண்ணீர் சுரப்பியைத் தின்னுடற நோய் நிறைய வரும். கண்ணுல மஞ்சப் பச்சையா கோழை மாதிரி பீளை ஒட்டிக்கும், கருவிழி கறுத்துப் போய் குருடாகும். முன்னாடி இதுக்கு என்ன வைத்தியம்னா, கன்னத்து எச்சில் குழாயை அறுத்து கண்ணுக்குத் திருப்பி விடற ஆபரேஷன், அப்புறம் அந்த நாய் சோறு திங்கும்போதெல்லாம் கண்ணுலேர்ந்து எச்சில் வழியும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்துல ரெனே காஸ்வான்ங்கிற கால்நடை கண் டாக்டர் 1980கள்ல, லிம்போசைட்டை அடக்கறதுக்காக உறுப்பு மாற்று ஆபரேஷன்ல பயன்படுத்தின சைக்ளோஸ்போரின் மருந்தை சொட்டு மருந்தா இந்த நாய்ங்க கண்ணுல விட்டுப் பார்த்தாங்க. கண்ணீர் திரும்ப வந்துச்சு. 1989ல மனுஷ நோய்க்கு இந்த நாய்ங்க நல்ல மாடல்னு எழுதினாங்க. நாய்க்கான களிம்பு 1995ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு, மனுஷனுக்கான 0.05 சதவீத சொட்டு மருந்து 2002 டிசம்பர்ல. நாய்க்கு முதல்ல, மனுஷனுக்கு ஏழு வருஷம் கழிச்சு. பின்னாடி 2016ல கண் வறட்சிக்கு வந்த லிஃபிடெக்ராஸ்ட்ங்கிற இன்னொரு சொட்டு மருந்தையும் முன்னாடியே நோய் வந்த நாய்ங்க கண்ணுல சோதிச்சிருக்காங்க.

அந்த சைக்ளோஸ்போரின் சொட்டு மனுஷங்கள்ல நாய் அளவுக்கு வேலை செய்யலங்கறதையும் சொல்லணும். ஷிர்மர் 10 மில்லிமீட்டர் கூடினவங்க மருந்து போட்டவங்கள்ல சுமார் 15 சதவீதம், மருந்து இல்லாத சொட்டு போட்டவங்கள்ல 5 சதவீதம், அவ்வளவுதான். ரிடுக்ஸிமாப் கதை இன்னும் வருத்தம். லிம்போசைட்ல பி செல்ங்கிற வகையைக் காலி பண்ற மருந்து, எலியில பி செல்லை எடுத்தா சுரப்பி தேறுதுன்னு பார்த்து எவ்வளவோ நம்பினாங்க, பிரான்ஸ்ல ஒரு பெரிய ட்ரையல், இங்கிலாந்துல ஒண்ணு, ரெண்டுலயும் முக்கியமா எதிர்பார்த்த பலன் வரல. எலியில சுரப்பி கெட ஆரம்பிக்கும்போதே மருந்து குடுக்கறோம், மனுஷன் வரும்போது பாதி சுரப்பி தழும்பாகியிருக்கும்ங்கறது ஒரு காரணமா இருக்கலாம்னு எனக்குத் தோணுது.

எலிங்களுக்காகவும் ஒரு வார்த்தை எழுதணும். ஒவ்வொரு பேட்ச் முடியும்போதும் அதுங்களை முடிக்கறது என் வேலை. கேஜ் அட்டையில நம்பர் இருக்கும், பேரு வைக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லல, ஆனா யாரும் வைக்க மாட்டாங்க. ஒரு எலியையும் வீணாக்கக் கூடாதுன்னு கண்ணு, ரெண்டு சுரப்பி, மண்ணீரல், ரத்தம்னு முடிஞ்சதெல்லாம் எடுத்து வைப்போம். ஆண் நாட் எலி கண்ணீர்ல கதெப்சின் எஸ்னு ஒரு நொதி ஏறுதுன்னு பார்த்துட்டு, கலிஃபோர்னியாவுல ஹாம் ஆல்வாரெஸ் குழு ஷோகிரன் நோயாளிங்க கண்ணீர்லயும் தேடினாங்க, அங்கயும் ஏறியிருந்துச்சு, 2014ல வெளியிட்டாங்க. 10ல 9 பெண்ணுங்கற நோய்க்கு ஆம்பள எலி குடுத்த தடயம். அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு அந்த கேஜ் அட்டைங்க எல்லாம் ஞாபகம் வந்துச்சு.

சரி, நான் ஏன் அம்மாவைக் கண்டுபிடிக்கல. என் மனசுல ஷோகிரன்னா எட்டு வார ஆண் எலி, நுனியில நிக்கிற சிவப்பு, ஊதாக் கும்பல், ஸ்கோர். எலி ஒரு நாளும் மண்ணு விழுந்த மாதிரி இருக்குன்னு சொன்னதில்ல, சோர்வா இருக்கு மாடிப்படி ஏற முடியலன்னு சொன்னதில்ல. அம்மா சொன்னதெல்லாம் எங்க அளவுகோல்ல எங்கயும் இல்லாத விஷயம். மாடல்ல எதை அளக்க முடியுமோ அதையே நோய்னு நினைச்சுப் பழகிட்டேன். வெங்காயத்துக்குக் கண்ணீர் வரலன்னு ஒருத்தங்க சொன்னா அது எந்த நூலையும் விட நல்ல டெஸ்ட், அது என் காதுல விழுந்தும் விழல.

போன மாசம் பக்கத்து வீட்டு அக்காவோட பக் நாய்க்கு கண்ணுல பீளை கட்டி திறக்கவே முடியல. நானும் அம்மாவும் அவங்களோட கால்நடை டாக்டர்கிட்ட போனோம். டாக்டர் கண்ணைத் துடைச்சுட்டு ஒரு சின்ன காகிதப் பட்டையைப் பிரிச்சு நாயோட கீழ் இமையில மாட்டினார், நாய்க்கு ஒரு நிமிஷம் வச்சா போதும், 15 மில்லிமீட்டராவது வரணும். அம்மா பட்டையைப் பார்த்ததுமே இது எனக்கு வச்சதாச்சேன்னாங்க. அப்புறம் எழுந்து வந்து நாயோட முதுகுல கை வச்சுக்கிட்டாங்க, அது தலையை உதறாம நின்னுச்சு.

"எத்தனை வந்துச்சு டாக்டர்?"

"4 மா."

"எனக்கு 3," அப்படின்னாங்க அம்மா. வெளிய வந்து ஆட்டோவுக்கு நிக்கும்போது அம்மா அந்த அக்காவோட கைய பிடிச்சுக்கிட்டு, "மருந்து போட்டா முதல்ல எரியும்மா, அது கண்ணை மூடிக்கும், உடனே ஒண்ணும் தெரியலயேன்னு நிறுத்திடாத, மூணு மாசம் விடாம போடு"ன்னு சொல்லிட்டு இருந்தாங்க.